வலது காது பக்கம் வந்து சொல்லுங்க!
மம்சாபுரத்திலிருந்து ஒரு சனிக்கிழமை சந்தைப் பயணம்

'வீட்டில் இருக்கும்போது எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. சந்தைக்குப் போனால் மட்டும் யார் என்ன சொல்கிறார்கள் என்றே புரிவதில்லை. இது நோயா, வயசா, இல்லை கவனக்குறைவா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதைப் படித்ததும், 'நம்ம கதையை யாரோ எழுதிப் போட்டிருக்காங்களே' என்று நினைத்துக்கொண்டேன். பதில் சொல்ல நான் மருத்துவர் இல்லை. பதினெட்டு வருஷம் வாடகை டிராக்டர் ஓட்டி, இப்போது தென்னையும் தக்காளியும் போட்டுப் பிழைக்கிற விவசாயி. ஆனால், அரைக்காதோடு சந்தைக்குப் போய் ஏமாறாமல் வீடு திரும்புவது எப்படி என்று கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை என்னோடு வாருங்கள். கேள்விக்குப் பதில் வழியிலேயே கிடைத்துவிடும்.

மலையடிவாரத்தில் விடியல்

எங்கள் ஊர் மம்சாபுரம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு மேற்கே தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி இருக்கும் பேரூராட்சி. விடிகாலையில் மலை முதலில் கறுப்பாகத் தெரியும். வெயில் ஏற ஏற நீலமாகும். சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமாக அறிவித்த காடு அந்த மலையில்தான் இருக்கிறது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமும் அதுதான். மலைக்குக் கீழே தென்னை, மா, கரும்பு, கண்மாய்த் தண்ணீர் இருந்தால் நெல். இதுதான் எங்கள் பிழைப்பு.

காலை ஐந்தரை மணிக்கு டீக்கடை. அந்த நேரத்தில் நான் முழுக்காதுக்காரன். டீ மாஸ்டர் பாய்லருக்குப் பின்னால் நின்று பேசினாலும் விளங்கும். ஆறரைக்குப் பேருந்து வந்து நின்று, இன்ஜின் உறுமியபடி இருக்க, எதிரே பாட்டுப் போட்டுவிட்டால் அதே மாஸ்டர் வாயை மட்டும் அசைப்பார். காசு எவ்வளவு என்று கேட்பதற்குப் பதில் இருபது ரூபாயை நீட்டிவிட்டு, மிச்சத்தை எண்ணிப் பார்த்து விலையைத் தெரிந்துகொள்வேன். இந்தத் தந்திரத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காது கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள் எல்லோரும் தானாகக் கற்றுக்கொள்வதுதான்.

காதுக்குள் புகுந்த சில்வண்டு

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், ராத்திரி படுத்தால் சில்வண்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மலையடிவாரத்தில் சில்வண்டு கத்துவது அதிசயமா? அப்படியே விட்டுவிட்டேன். ஒருநாள் ராத்திரி மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் மூன்றாவது மாடியில் படுத்திருந்தேன். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. அங்கேயும் சில்வண்டு கத்தியது. அப்போதுதான் அது மலையில் இல்லை, என் காதுக்குள் இருக்கிறது என்று தெரிந்தது.

காது டாக்டர் இரண்டு காதையும் சோதித்து, ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். தாழ்ந்த ஒலிகள் வரைக்கும் நேராக வந்த கோடு, கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் பக்கம் வந்ததும் பள்ளத்தில் இறங்கியது. இடது காதில் பள்ளம் இன்னும் ஆழம். "டிராக்டர் ஓட்டுவீங்களா?" என்று அவரே கேட்டார். உழும்போது வலது தோள்பட்டைக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் கலப்பையைப் பார்த்தபடியே ஓட்டுவோம் இல்லையா? அப்போது இடது காது இன்ஜினையும் புகைக்குழாயையும் பார்த்திருக்கும். பதினெட்டு வருஷம் அந்தக் காதுதான் சத்தத்தை வாங்கியிருக்கிறது. அதிலும் என் வண்டியில் சைலன்சர் ஓட்டையாகி, 'அடுத்த சீசனில் மாத்திக்கலாம்' என்று இரண்டு சீசன் ஓட்டியவன் நான்.

டாக்டர் சொன்னதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். உள்காதில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் நுண்ணிய மயிர்த்தலை உள்ள செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒலி வந்தால் அவை அசைந்து, சேதியை மூளைக்கு அனுப்பும். பெருஞ்சத்தத்தில் வருஷக்கணக்காக இருந்தால், மிதிபட்ட நாற்றுப் போல அவை சாய்ந்து, பிறகு செத்துப்போகும். கோழிக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைக்கும். 1980-களில் விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். மனுஷனுக்கு முளைக்காது. செத்தது செத்ததுதான்.

முதலில் போவது உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் செல்கள். பேச்சில் அ, ஆ, ஓ எல்லாம் கேட்கும். ச, த, ப, க போன்ற எழுத்துகள்தான் தேய்ந்துபோகும். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள், 'சத்தம் கேக்குது, சொல்தான் புரியலை' என்கிறோம். வீட்டில் ஒருவர் மட்டும் பேசும்போது விட்டுப்போன எழுத்துகளை மூளை நிரப்பிக்கொள்ளும். சந்தையில் நூறு குரலுக்கு நடுவில் ஒரு குரலைப் பிரித்தெடுக்க இரண்டு காதும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு மாடு நொண்டினால் வண்டி நேராகப் போகுமா?

அந்த வாசகருக்கு முதல் பதில் இதுதான்: கவனக்குறைவு இல்லை. வயசாலும் வரலாம், சத்தத்தாலும் வரலாம். வெறும் காதழுக்கு அடைத்துக்கொண்டும் இருக்கலாம். எது என்று டாக்டர் பார்த்தால்தான் தெரியும்.

தலையாட்டினால் போச்சு

எங்கள் சீக்கு வெளியில் தெரியாது. கையில் கோல் இல்லை, காலில் கட்டு இல்லை. பார்க்க நன்றாக இருக்கிறோம். ஒரு தடவை கேட்டும் புரியவில்லை என்றால், 'என்ன?' என்போம். இரண்டாம் தடவை, 'ம்?' என்போம். மூன்றாம் தடவை கேட்க நாக்கு எழாது. சிரித்துக்கொண்டே, "சரி, சரி" என்று தலையாட்டிவிடுவோம். என் அனுபவத்தில், காதால் வந்த நஷ்டத்தைவிட இந்தத் தலையாட்டலால் வந்த நஷ்டம்தான் பெரிது.

ஒரு தடவை கமிஷன் கடைக்குப் பதினெட்டுப் பெட்டி தக்காளி கொண்டுபோனேன். லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது, ஏலக்காரர் கூவிக்கொண்டிருந்தார். கடைக்காரர் விலை சொன்னார். 'எழுநூறு' என்று என் காதில் விழுந்தது. தலையாட்டினேன். சீட்டு கைக்கு வந்தபோது பெட்டி அறுநூறு என்று இருந்தது. "அறுநூறுன்னு சொன்னேன், நீங்களும் சரின்னீங்களே?" என்றார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. நான்தானே தலையாட்டினேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் போச்சு.

அதுவாவது பணம். இன்னொன்று இதைவிட மோசம். மருந்துக் கடை ஒன்றில் பூச்சிக்கு மருந்து வாங்கினேன். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. 'பத்து லிட்டர் டேங்குக்கு இருபது மில்லி' என்று கடைப் பையன் சொன்னான். நான் வாங்கிக்கொண்டது 'அறுபது மில்லி'. இந்த இரண்டு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தை விட்டால் மிச்சம் ஒரே சத்தம்தான். இருபது, அறுபது, எழுபது, எண்பது எல்லாம் எங்கள் காதுக்கு ஒரு தாய்ப் பிள்ளைகள். மூன்று மடங்கு மருந்தை நாற்றின் மேல் அடித்துவிட்டேன். மூன்றாம் நாள் இலையெல்லாம் கருகிக் கிடந்தது. நாற்று போனால் மறுபடி விதைக்கலாம். மூன்று மடங்கு கலந்த விஷத்தைத் தோளில் சுமந்து, மூச்சில் இழுத்துக்கொண்டு அடித்தேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். எண் என்றால் காதை நம்புவதில்லை. விலையோ, அளவோ, தேதியோ, எழுத்தில் வந்தால்தான் கணக்கு.

விலைப் பலகை என்ற வரம்

ஏழு மணிப் பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். ஊருக்குள் நுழைந்தால் பால்கோவா வாசனை வரும். நாங்கள் போவது உழவர் சந்தைக்கு. வீட்டம்மா கடை போடுவார். நான் மூட்டை தூக்குவேன்.

1999 நவம்பர் 14-ந் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேராக விற்கட்டும் என்பதுதான் நோக்கம். காது கேளாதவர்களை நினைத்து யாரும் அந்தத் திட்டத்தைப் போடவில்லை. ஆனால், அன்றன்றைய விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிப் போடும் ஒரு வழக்கம், எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம். கத்தரி எவ்வளவு, வெண்டை எவ்வளவு என்று கத்திக் கேட்க வேண்டியதில்லை. பலகையைப் பார்த்தால் போதும். எலக்ட்ரானிக் தராசில் எடை எண்ணாகவே தெரிகிறது. சத்தம் இல்லாமல் ஒரு வியாபாரம் முடிந்துவிடுகிறது.

ஏழரை மணி வரைக்கும் எனக்குச் சிக்கல் இல்லை. எட்டுக்கு மேல் கூட்டம் ஏறும். ஒரு பக்கம் பேரம், ஒரு பக்கம் குழந்தை அழுகை, இன்னொரு பக்கம் செல்போனில் பணம் வந்ததைக் கூவும் பெட்டிகள். பக்கத்துக் கடைக்குப் பணம் வந்தாலும் நம் பெட்டி கூவியது போலவே இருக்கும். அதனால் செல்போனைச் சட்டைப் பையில் அதிர்வில் வைத்திருக்கிறேன். பணம் வந்தால் நெஞ்சில் ஒரு துடிப்பு. திரையைப் பார்த்துவிட்டுத்தான் பையைக் கொடுப்பேன்.

நிற்கும் இடமும் முக்கியம். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் பின்பக்கச் சத்தம் குறையும். கெட்ட காது சுவர்ப் பக்கம், நல்ல காது ஆள் பக்கம். வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழ வேண்டும், நம் கண்ணில் விழக் கூடாது. ஏனென்றால், எங்கள் மூன்றாவது காது கண்தான்.

அது 2020-ல்தான் எனக்கு விளங்கியது. கொரோனா வந்து எல்லோரும் முகக்கவசம் போட்டார்கள். சந்தையில் ஒரே நாளில் நான் முழுச் செவிடானது போல ஆகிவிட்டது. காது மேலும் கெட்டுவிட்டதோ என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன். "காது அப்படியேதான் இருக்கு. இத்தனை நாளும் நீங்க உதட்டைப் படிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க" என்று சிரித்தார். எனக்கே தெரியாமல் நான் கற்றிருந்த வித்தை அது.

ராஜபாளையத்தில் அக்காவும் நானும்

பத்து மணிக்கு மேல் ராஜபாளையம். அங்கேதான் என் அக்கா இருக்கிறாள். ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். அக்காவும் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருஷம் ஒரு மில்லில் வேலை பார்த்தவள். அவளுக்கு என்னைப் போலச் சொல் தேயவில்லை. அவளுக்கு வந்தது வேறு: சத்தம் வலிக்கும். தட்டு கீழே விழுந்தால் நமக்குத் திடுக்கென்று இருக்கும். அவளுக்குக் காதுக்குள் ஊசி குத்தியது போல இருக்கும், தலை கிறுகிறுக்கும். இதுவும் சத்தத்தில் வருஷக்கணக்காக இருந்தவர்கள் சிலருக்கு வருகிறது. வெளியில் துளியும் தெரியாது. 'மினுக்குறா' என்றுதான் பலர் சொன்னார்கள். வருத்தம் என்னவென்றால், முதலில் நானும் அப்படித்தான் சொன்னேன்.

அன்றைக்கு அக்கா மகள் வளைகாப்புக்குப் பாத்திரம் வாங்க வேண்டும். பாத்திரக் கடை என்பது அக்காவுக்குப் போர்க்களம். எவர்சில்வர் மேல் எவர்சில்வர் மோதும் சத்தம், சுவரிலும் தரையிலும் பளிங்குக் கல், எதுவும் சத்தத்தை உறிஞ்சாது. பெரிய துணிக்கடையும் அப்படித்தான். பாட்டு, அறிவிப்பு, ஏசி இரைச்சல் எல்லாம் கூரையில் பட்டுத் திரும்பி வரும். மரச்சாமான், துணிக்கட்டு, திரை உள்ள சின்னக் கடையில் சத்தம் அமுங்கிவிடும். அதனால் பெரிய கடைக்குப் போவதென்றால் திறந்தவுடன் போய்விடுவாள். பண்டிகைக்கு முந்திய வாரம் போக மாட்டாள், ஒரு மாசம் முன்னாலேயே வாங்கிவிடுவாள்.

முன்பு பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வாள். மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்? ஆனால், வெறும் பஞ்சு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுத்தினால் சுருங்கி, காதுக்குள் விரியும் நுரை அடைப்பான் மருந்துக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதையும் பாத்திரக் கடை, வெடிச் சத்தம் போன்ற இடங்களில் மட்டும்தான் போட வேண்டும். நாள் முழுக்க அடைத்துவைத்தால் காது இன்னும் கூச்சப்பட ஆரம்பித்துவிடும் என்று எச்சரித்திருக்கிறார்.

நாங்கள் இருவரும் சேர்ந்து கடைக்குப் போவது ஒரு வேடிக்கை. மில்லில் இரைச்சலுக்கு நடுவில் பெண்கள் வாயசைவிலேயே ஊர்க்கதை பேசுவார்களாம். இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைப் பெண்களும் அப்படியே பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்குத் தனிப் பெயரே உண்டு. அந்தப் பழக்கத்தில் அக்கா எந்த உதட்டையும் படித்துவிடுவாள். அதனால் அவள் கடைக்கு வெளியே, சத்தம் எட்டாத இடத்தில் நிற்பாள். நான் உள்ளே போய்ப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டுவேன். கடைக்காரர் விலை சொல்வார். எனக்குக் கேட்காது. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் அக்கா உதட்டைப் படித்து விரலால் காட்டுவாள். 'வேண்டாம்' என்றால் மூக்கைச் சுளிப்பாள். அவளுக்குக் காது நான், எனக்குக் காது அவள். கடைக்காரர் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் கால்குலேட்டரில் விலையை அடித்து என் பக்கம் திருப்பினார். அதன்பிறகு மூன்றே நிமிஷத்தில் வியாபாரம் முடிந்தது.

கால்குலேட்டரைத் திருப்பிக் காட்ட எவ்வளவு செலவாகும்? ஒன்றுமில்லை. இதை எல்லாக் கடைக்காரர்களும் செய்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சட்டத்தின் கண்ணிலும் படாதவர்கள்

'ஊனச் சான்று வாங்கலாமே' என்று சிலர் சொன்னார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சு ஒலிகளில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் செவித்திறன் குறைந்தவர். 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர். ஒரு காது நன்றாக இருந்தால், அல்லது உயர்ந்த ஒலி மட்டும் போயிருந்தால், அல்லது அக்கா போலச் சத்தம் வலித்தால், இந்தக் கணக்குக்குள் வருவது கடினம். சட்டத்தைக் குறை சொல்லவில்லை. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் நாங்கள். உங்களுக்கு இரண்டு காதிலும் நிறைய இழப்பு இருந்தால் மட்டும் தயங்காமல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். சான்றுக்கும், காதுக்கருவிக்கும் அங்கே வழி இருக்கிறது.

சத்தத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி கடைவீதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல்தான் வரம்பு. 65 என்பது பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசுவதைவிடச் சற்றுக் கூடுதலான சத்தம். நம் கடைவீதியில் நின்று, அந்த அளவா கேட்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

வெளிநாடுகளில் சில நல்ல வழக்கங்கள் வந்திருக்கின்றன. நியூசிலாந்தில் ஒரு பெரிய மளிகைக் கடை நிறுவனம் 2019-ல், வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, 'அமைதி நேரம்' என்று வைத்தது. ஆட்டிசம் உள்ளவர்களை நினைத்துத் தொடங்கினாலும், சத்தம் தாங்காத எல்லோருக்கும் அது உதவியது. 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் சூரியகாந்திப் பூப் போட்ட பச்சைக் கழுத்துப்பட்டி ஒன்று கொண்டுவந்தார்கள். அதைப் போட்டிருப்பவருக்கு வெளியில் தெரியாத குறை ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக உதவுங்கள் என்று அர்த்தம். நம் ஊர்க் கடைவீதியில் கழுத்துப்பட்டி போட்டால், 'எந்தக் கட்சி?' என்றுதான் கேட்பார்கள். ஆனால், பட்டி சொல்வதை வாயால் சொல்லலாமே.

அண்ணாச்சி சொன்ன வார்த்தை

அப்படி வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வந்த கதையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் முதன்முதலில் டிராக்டர் வாங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் என் இடது பக்கமிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறேன். "கையில நாலு காசு வந்ததும் காது கேக்க மாட்டேங்குது" என்று ஊரெல்லாம் சொன்னார். காரணம் தெரியாமலே ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. என் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை.

வீட்டம்மாதான் விஷயத்தைக் கேட்டு வந்து, "என்னங்க, காது கேக்கலைன்னு சொல்றதுல என்ன கேவலம்? கண்ணாடி போடுறவங்க வெக்கப்படுறாங்களா?" என்று அதட்டினார். அன்று சாயங்காலமே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். டாக்டர் கோடு போட்ட தாளைக் கையில் கொடுத்து, "அண்ணாச்சி, இடது பக்கம் எனக்குக் கேக்காது. இனிமே வலது காது பக்கம் வந்து சொல்லுங்க" என்றேன். அவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கும்தான் தம்பி, ரெண்டு பக்கமும் சரியாக் கேக்கலை. யாருட்டயும் சொல்லலை" என்றார்.

அன்று அவரே இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தில் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். ஆயிரத்துக்கு ஒரு பிடி, நூறுக்கு ஒரு பிடி. பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமலிருக்க அப்படி வைத்த வழக்கம். "அந்தச் சந்தையில உனக்கும் எனக்கும் காதே வேண்டியதில்லையேடா" என்று சிரித்தார். யோசித்துப் பார்த்தால், சத்தமில்லாமல் விலை பேச நம்மவர்களுக்கு என்றைக்கோ தெரிந்திருக்கிறது.

வாசகருக்குச் சொல்ல வேண்டியவை

சாயங்காலம் ஐந்து மணிக்கு மம்சாபுரம் திரும்பிவிட்டோம். நாள் முழுக்கக் காதைக் கூர்மையாக வைத்திருந்ததில் தலை கனத்துவிடும். அரை மணி நேரம் தென்னந்தோப்பில் உட்காருவேன். ஓலைச் சத்தத்தில் காதுக்குள் இருக்கும் சில்வண்டு கொஞ்சம் அமுங்கும். முழு நிசப்தத்தில்தான் அது அதிகம் கத்தும். ராத்திரியும் மின்விசிறிச் சத்தத்தில் தூங்குவது எனக்கு அதனால்தான் சுகம்.

என் அனுபவத்தைத் திரட்டிச் சொல்கிறேன்:

காலையில் சீக்கிரம் போங்கள். முக்கியமான கொள்முதலைக் கூட்டம் சேரும் முன் முடியுங்கள். ஜெனரேட்டர், ஜூஸ் மிஷின், ஒலிபெருக்கி பக்கத்தில் நின்று விலை பேசாதீர்கள்.

'என்ன?' என்று கேட்டால் அதையே கத்திச் சொல்வார்கள். கத்தினால் சொல் இன்னும் குழம்பும். 'ரெண்டு சைபரா, ஆறு சைபரா?' என்று எண்ணைப் பிரித்துக் கேளுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்.

மருந்துக் கடையில் அளவைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பில்லும் வாங்குங்கள். பாட்டிலோடு வரும் தமிழ்த் தாளைப் பொடி எழுத்தானாலும் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசுவதை எழுத்தாகக் காட்டும் செயலிகள் செல்போனில் தமிழிலும் உண்டு. இரைச்சலில் தடுமாறும், அமைதியான கடையில், வங்கியில் உதவும். காதுக்கருவியும் அப்படித்தான். சந்தை இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். போட்டுப் பார்க்காமலே வேண்டாம் என்று விடாதீர்கள்.

காதில் எண்ணெய், பூண்டுச் சாறு, கோழி இறகு, தீக்குச்சி எதுவும் வேண்டாம். திடீரென்று ஒரே நாளில் ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால், 'சளியாக இருக்கும்' என்று காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளுக்குள் காது டாக்டரைப் பார்த்தால் மீட்க வாய்ப்பு உண்டு. வாரக்கணக்கில் தள்ளினால் அந்த வாய்ப்பு போய்விடும். எங்கள் பக்கத்தில் 2022-ல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள்.

காது நன்றாக இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அந்தச் சத்தம் சுமார் 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பரவலாகப் பின்பற்றும் ஒரு கணக்குப்படி, அதில் எட்டு மணி நேரம்தான் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். கூண்டு இல்லாத டிராக்டர், களை வெட்டும் கருவி, கதிரடிக்கும் மிஷின் எல்லாம் 90-ஐ எளிதாகத் தாண்டும். காதை மூடும் 'இயர் மஃப்' ஒன்று சில நூறு ரூபாய்தான். என் மகன் இப்போது அதைப் போடாமல் வண்டி ஏறுவதில்லை. 'ஹெட்போனா?' என்று கேலி செய்தவர்களில் இரண்டு பேர் தாங்களும் வாங்கிவிட்டார்கள்.

கடைசியாக, கடை வைத்திருக்கும் வாசகர்களுக்கு. வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே தலையாட்டினால், அவருக்குப் புரிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். எண்ணை எழுதிக் காட்டுங்கள்.

அடுத்த சனிக்கிழமையும் உழவர் சந்தையில்தான் இருப்பேன். என்னைக் கூப்பிட நினைத்தால், ஒரு சுற்றுச் சுற்றி வலது காது பக்கம் வந்து சொல்லுங்கள்.